நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் பேசணும்

உலகத்தில் சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள், சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, அடுப்பையும் தொடாமல் தட்டையும் தொடாமல், "அடடா, நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் பேசணும்!" என்று பூரித்துப்போகிற மூன்றாவது இனம் ஒன்றும் இருக்கிறது. அந்த இனத்துக்கு இணைப்பாளர் என்று பெயர்.

அடையாளம் கண்டுகொள்வது கடினமே அல்ல. கைகளைப் பாருங்கள். பேசும்போது இணைப்பாளரின் வலக்கை விரல்கள் இடக்கை விரல்களுக்குள் போய்க் கோத்துக்கொள்ளும், பிறகு பிரியும், பிறகு மறுபடி கோத்துக்கொள்ளும். வலக்கை கலை. இடக்கை தொழில்நுட்பம். நடுவில் சிக்கிய விரல்கள்தாம் எதிர்காலம். பாட்டுக்காரன், பொம்மலாட்டக்காரன், நாடகத்துக்குத் துணி தைக்கிறவள், கணினிக்குள் குடியிருக்கிற பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் அவருக்கு மனப்பாடம். யார் என்ன செய்கிறார்கள் என்பது மட்டும் கொஞ்சம் மங்கல். அதைக் கேட்டால் நேரம் ஆகுமே? அதற்குள் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவைத்துவிடலாமே!

எங்கள் பாரன்கீயா நகரத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி லிசாந்த்ரோ பெர்த்தூஸ். மக்தலேனா ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் பருத்தி மூட்டை அடுக்கிவைத்திருந்த கிடங்கில் 'சந்திப்பு இல்லம்' என்று ஒன்றை நடத்துகிறார். கலைஞர்களும் கணினிக்காரர்களும் சந்தித்து, கலந்து, உலகம் காணாத ஒன்றை உண்டாக்க வேண்டும் என்பதற்காக அரசாங்கமே தந்த இடம். உள்ளே நாற்காலி கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தால் எண்ணமும் உட்கார்ந்துவிடுமாம். அதற்குப் பதிலாக ஆரஞ்சு நிறத்தில் உருண்டை மெத்தைகள் கிடக்கின்றன. நாற்பது தாண்டியவர்கள் அதில் விழுந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். சுவரெல்லாம் எழுதலாம். லிசாந்த்ரோ எழுதுவார். ஒரு வட்டம் போட்டு 'கலை' என்பார், பக்கத்தில் ஒன்று போட்டு 'தொழில்நுட்பம்' என்பார், இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கிற இடத்தில் ஆரஞ்சுச் சாயத்தைத் தேய்த்துவிட்டுத் திரும்பி, கண் கலங்கச் சொல்வார்:

"இங்கதான் நடக்கும்!"

"என்ன டாக்டரே நடக்கும்?"

"அதான்!"

(அவர் எந்த நோய்க்கும் டாக்டர் இல்லை. எங்கள் ஊரில் கழுத்தில் அட்டை தொங்கினாலே டாக்டர்தான்.)

இதுவரை என்ன நடந்திருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய நடந்திருக்கிறது. தொட்டில் ஊஞ்சல் பின்னுகிற அம்மாளையும் குட்டி விமானம் பறக்கவிடுகிற இளைஞனையும் சேர்த்துவைத்தார். விமானம் ஊஞ்சலுக்குள் போய் விழுந்தது, இன்றும் அங்கேயே தூங்குகிறது. அக்கார்டியன் வாசிப்பவரையும் ரோபோ செய்பவனையும் சேர்த்துவைத்தார். அக்கார்டியன்காரர் ரோபோக்காரனின் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு ரியோஹாச்சாவுக்குப் போய்விட்டார். லிசாந்த்ரோ அதையும் இல்லத்தின் வெற்றிகளில் சேர்த்துக்கொண்டார். எங்கே தவறு நடக்கிறது என்று அவருக்குப் புரியவே இல்லை. புரிய வழியும் இல்லை. ஏனென்றால் இரண்டு பேரை அறிமுகப்படுத்திய கையோடு அவர் கண் அவர்களின் தோளுக்கு மேலே போய்விடும், தூரத்தில் மூன்றாவது ஆள் தெரிவார், "பேசுங்க, பேசுங்க!" என்று சொல்லிக்கொண்டே கிளம்பிவிடுவார். எந்த உரையாடலிலும் இரண்டாவது வாக்கியத்தை அந்த மனிதர் வாழ்நாளில் கேட்டதில்லை.

கார்னிவல் திருவிழாவுக்குச் சில வாரம் முன்பு தலைநகர் பொகோத்தாவிலிருந்து செய்தி வந்தது. இல்லத்தைத் தந்த அரசாங்கத் துறையின் அதிகாரி டாக்டர் ஹிமேனா சனிக்கிழமை வருகிறார். சந்திப்பு இல்லத்தில் சந்திப்பைத் தவிர வேறு எதுவும் பிறந்திருக்கிறதா என்று பார்க்க வருகிறார். ஒன்று காட்டினால் போதும், ஒரே ஒன்று. இல்லாவிட்டால் இல்லத்துக்குப் பூட்டு.

வேறொருவராயிருந்தால் காய்ச்சல் வந்து படுத்திருப்பார். லிசாந்த்ரோ குதித்தார். அன்று காலையில்தான் யுரானிஸ் என்ற பெண்ணை அவர் 'கண்டுபிடித்திருந்தார்'. யுரானிஸ் அதிகம் பேசமாட்டாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே ஒரு செயலி எழுதியிருந்தாள். பஸ்ஸில், சலூனில், பக்கத்து வீட்டில் எங்கே எந்தப் பாட்டு ஒலித்தாலும் கைபேசியைக் காட்டினால் போதும், ஒரு மிடறு காப்பி விழுங்குவதற்குள் பாட்டின் பெயரைச் சொல்லிவிடும். மற்றச் செயலிகள் கேட்டு முழிக்கிற பழைய ஆப்பிரிக்க இசைத்தட்டுகளைக்கூட அவள் தேடித்தேடி அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஊரில் பாதிப்பேர் கைபேசியில் அது ஏறியாயிற்று.

லிசாந்த்ரோவின் காதில் விழுந்தது இரண்டே சொல்: 'பாட்டு', 'செயலி'. விரல்கள் தாமாகக் கோத்துக்கொண்டன. பாட்டு என்றால் ரெபோலோ பேட்டையில் யார்? பெரியவர் டோன் நிக்கனோர்!

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். லிசாந்த்ரோ நிற்கவில்லை, நாமாவது நிற்போம்.

நிக்கனோர் ஒரு பிக்கோ வைத்திருக்கிறார். பிக்கோ என்றால் அலமாரி உயரத்துக்கு ஒலிபெருக்கி. முகப்பு முழுக்க ஓவியம். தெருவில் இறக்கிவைத்து முடுக்கினால் மூன்று தெரு தள்ளிக் கட்டில் நகரும். நிக்கனோருடைய பிக்கோவின் பெயர் 'பொறாமைக்கார முதலை'. தங்கப்பல் கட்டிய முதலை ஒன்று தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு உங்களை முறைக்கும். எதற்கு முறைக்கிறது? அதனிடம் ஒரு பாட்டு இருக்கிறது, உங்களிடம் இல்லை. யுரானிஸ் பிறப்பதற்கு முன்பே ஒரு கப்பல் சமையல்காரன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டு அது. கைக்கு வந்ததும் நிக்கனோர் செய்த முதல் காரியம், சவர பிளேடால் அதன் லேபிளைச் சுரண்டி எறிந்தது. பிக்கோக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பாடியவர் யார், பாட்டின் பெயர் என்ன என்று தெரிந்தால் எதிராளியும் அதே தட்டு ஒன்றை வரவழைத்துவிடுவானே! பிறகு தாமே ஒரு பெயர் வைப்பார்கள். நிக்கனோர் வைத்த பெயர் 'மாமியார்'. ஏனென்றால் அவள் வந்தால் ஒருவரும் உட்கார்ந்திருக்க முடியாது.

மாமியாரின் மொழி யாருக்கும் தெரியாது. அதனால் ஜனங்கள் சொந்தமாக வார்த்தை போட்டுக்கொண்டார்கள். அவளுக்கு ஆடியே ஜோடி சேர்ந்து பிள்ளை பெற்றவர்கள் உண்டு. உண்மைப் பெயர் தெரிந்த ஒரே ஆத்மா நிக்கனோர். அவர் மனைவி மெர்சேவுக்கே தெரியாது. "சாகும்போது சொல்றேன்டீ. அதுவும் மைக்கை அணைச்சுட்டு," என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். எதிராளி உபால்தோ, 'மின்னல் கழுதை' பிக்கோவின் சொந்தக்காரர், அந்தப் பெயருக்காகச் சுவர் ஏறிக் குதித்திருக்கிறார். நிக்கனோர் யாரிடம் பாவமன்னிப்புக் கேட்கிறாரோ அந்தப் பாதிரியாருக்கு உபால்தோ வான்கோழி அனுப்பியிருக்கிறார். பாதிரியார் வான்கோழியைச் சாப்பிட்டார். பெயரைச் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது.

இப்போது சொல்லுங்கள். எந்தப் பாட்டுக்கும் பெயர் சொல்கிற பெண்ணை, பெயரை மறைத்தே பெயர் வாங்கிய மனிதரின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவரை என்ன சொல்வது?

லிசாந்த்ரோ சொன்னது இது: "நிக்கனோர், இது யுரானிஸ். யுரானிஸ், இது நிக்கனோர். ஐயோ, எனக்குப் புல்லரிக்குது! நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் பேசணும்! சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து மேடையில மாமியாரைப் போடுறீங்க!" தெருமுனையில் முகமூடி செய்கிற ஒருவர் தெரிந்தார். லிசாந்த்ரோ மறைந்தார்.

அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

"உட்காரும்மா. பாட்டுல உனக்கு என்ன வேலை?" நிக்கனோர் திருப்புளியால் முதுகைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"எந்தப் பாட்டைக் கேட்டாலும் பேரைச் சொல்ற ஆப் பண்ணிருக்கேன், டோன் நிக்கனோர்."

திருப்புளி நின்றது. "எந்தப் பாட்டும்னா?"

"எந்தப் பாட்டும்."

"யார் கேட்டாலும் சொல்லுமா?"

"சொல்லும்."

"அந்தக் கழுதைக்காரன் கேட்டாலும்?"

"கழுதையே போனை நீட்டினாலும் சொல்லும்."

நிக்கனோர் எழுந்தார். கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பை உருவி, பிள்ளைக்குக் கண்பட்டுவிடாமல் மூடுவதுபோல முதலையின் முகத்தை மூடினார்.

"மெர்சே! வாசக்கதவைச் சாத்து! அந்த லிசாந்த்ரோ, திருடனை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து, திருடன்கிட்டயே சாவியையும் குடுத்துட்டுப் போயிட்டான்!"

"திருடன் இல்ல, பொண்ணு," என்றாள் மெர்சே, எட்டிப் பார்த்து. "கொரோசோ பழ ஜூஸ் குடிக்கிறியா, கண்ணு?"

"குடும்மா, குடு! குடிச்சுட்டு என் உசிரையும் எடுத்துட்டுப் போகட்டும்!"

யுரானிஸ் ஜூஸைக் குடித்தாள். குடித்து முடித்து, சந்திப்பு இல்லத்தின் சுவர்களில் இவ்வளவு காலமாக யாரும் எழுதாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அப்போ உங்களுக்கு என்னதான் வேணும்?"

நிக்கனோர் திகைத்தார். அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "எனக்கா? பாட்டு எல்லாருக்கும் கேக்கணும். பேரு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. நான் செத்து எலும்பாப் போனாலும்."

"சனிக்கிழமை போடாம இருந்துடலாமே."

"அந்தக் கழுதைக்காரன்கிட்ட லிசாந்த்ரோ இந்நேரம் சொல்லியிருப்பான். இப்போ போடலைன்னா 'முதலை பயந்துருச்சு'ன்னு ஊர் பூராவும் தண்டோரா போடுவான். அதுக்கு நான் செத்தே போகலாம்."

யுரானிஸ் முதலையின் மேல் கிடந்த விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேபிளைச் சுரண்டினீங்கல்ல? அதே மாதிரி சத்தத்தையும் சுரண்டிடலாம்."

"எந்த பிளேடால?"

"மனுஷக் காதுக்குப் பிடிபடாத ஒரு சின்னச் சலசலப்பைப் பாட்டுக்குள்ள கலந்துட்டா, கேக்கிறவங்களுக்கு அதே மாமியார்தான். மெஷினுக்கு மட்டும் மாமியார் முகத்துல மீசை வச்ச மாதிரி இருக்கும். ஆளை மாத்திச் சொல்லும்."

நிக்கனோர் முதலையின் மேலிருந்து விரிப்பை மெல்ல விலக்கினார். "மெர்சே," என்றார், "பொண்ணுக்கு முட்டை வச்ச சோள அரேப்பா சுட்டுப் போடு. ரெண்டாப் போடு."

சனிக்கிழமைக்குள் யுரானிஸ் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி செய்துவிட்டாள். இசைத்தட்டுச் சுழலிக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் அதைச் செருக வேண்டும். சமையலறைச் சின்ன ரேடியோவில் அருமையாக வேலை செய்தது. ஆனால் முதலையின் முழுத் தொண்டையில்? முதலையை முடுக்கிப் பார்த்தால் கழுதைக்காரர் கைபேசியோடு ஓடிவந்துவிடுவார். ஆகவே பார்க்க முடியவில்லை. மேடையில்தான் தெரியும். பெட்டி கைவிட்டால் மாமியாரின் பெயர் ஊர் சொத்து. நிக்கனோருக்குத் தூக்கம் போயிற்று.

இதை லிசாந்த்ரோவிடம் சொல்ல முயலவில்லையா? முயன்றார்கள். யுரானிஸ் இல்லத்துக்கே போனாள்.

"டாக்டரே, நிகழ்ச்சியில ஒரு சின்ன மாற்றம். இது பேரைச் சொல்றதுக்கு இல்ல..."

"மாற்றம்!" என்றார் லிசாந்த்ரோ, நெஞ்சில் கைவைத்து. "மாற்றம்தான் உயிர்!"

"இல்ல, பேரை மறைக்..."

"சொல்லாதே! என்கிட்டச் சொல்லிட்டா அந்த முதல் அதிர்ச்சி போயிடும். மேடையில, எல்லார் முன்னாடியும், நானும் குழந்தை மாதிரி பார்க்கணும். உனக்கு ஒரு மண்பாண்டக்காரரைத் தெரியுமோ? நீங்க ரெண்டு பேரும்..."

நிக்கனோர் தொலைபேசியில் கூப்பிட்டார். "டாக்டரே, அந்தப் பெட்டியைப் பத்தி..." "பெட்டிக்கு வெளியே யோசிங்க, நிக்கனோர்!" என்று அந்தப் பக்கம் போனை வைத்தாயிற்று.

சனிக்கிழமை வந்தது. ஆற்றுக் காற்று குடைகளைப் பிடுங்கி விளையாடியது. கிடங்கு முற்றத்தில் லாரியிலிருந்து முதலை இறங்கியதும் ரெபோலோவே பின்னால் வந்துவிட்டது: பெஞ்சுகளோடு, ஐஸ்பெட்டிகளோடு, ஆடுவதற்கென்றே வைத்திருக்கிற செருப்புகளோடு. முன்வரிசையில் டாக்டர் ஹிமேனா, இந்த வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே கோட்டுப் போட்ட அதிகாரிகள் புடைசூழ அமர்ந்திருந்தார். அவர்களுக்காக மட்டும் எங்கிருந்தோ நாற்காலிகள் முளைத்திருந்தன. அந்த வரிசை ஓரத்தில் கழுதைக்கார உபால்தோ, கைபேசியைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார்.

"டேய் முதலை! இன்னிக்கு உன் வாலை வறுத்து எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தின்னப் போறேன்டா!"

"நீ முதல்ல உன் கழுதைக்குப் புல்லு போடுடா! நேத்து அது வயர் தின்னுச்சாமே!" என்று கத்தினார் நிக்கனோர். குரல் மட்டும் தைரியமாக இருந்தது.

லிசாந்த்ரோ மேடையேறினார். விரல்களைக் கோத்தார். கூட்டம் அமைதியாகக் காத்திருந்தது. பிரித்தார். மறுபடி கோத்தார்.

"நண்பர்களே! இந்தப் பக்கம் நினைவு! இந்தப் பக்கம் கணக்கு! ரெண்டும் முத்தமிட்டா? எல்லாரும் போனை எடுங்க! இவ்வளவு வருஷமா ரெபோலோ மறைச்சுவச்ச பேரு இன்னிக்கு உங்க உள்ளங்கையில!"

ரெபோலோ கைதட்டவில்லை. முதலையைக் குறுகுறுவென்று பார்த்தது. நிக்கனோர் யுரானிஸைப் பார்த்தார். யுரானிஸ் சோப்பு டப்பாவைப் பார்த்தாள். அதன் சின்னப் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. ஊசி தட்டில் இறங்கியது.

மாமியார் வந்தாள்.

அவள் எப்படி வருவாள் என்று எழுதிக் காட்ட முடியாது. முதலில் ஒரு கிதார் சிணுங்கும். பிறகு முழங்கால் உங்கள் பேச்சைக் கேட்காது. முற்றம் முழுவதும் கைபேசிகள் எழுந்தன. ஒரு மிடறு காப்பி விழுங்குகிற நேரம். நிக்கனோர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னுது கிறிஸ்மஸ் பாட்டுங்குது!" என்றது ஒரு குரல்.

"பொய்! என்னுது பிறந்தநாள் வாழ்த்துங்குது!"

"எனக்குப் பால் பவுடர் விளம்பரம்!"

உபால்தோ தம் கைபேசியை உற்றுப் பார்த்தார். குலுக்கினார். இன்னொருமுறை பார்த்தார். அவருடைய கைபேசி மாமியாரை 'கன்றுக்குட்டித் தாலாட்டு, சிறுவர் பள்ளிப் பாடல்' என்று அறிவித்திருந்தது. ஆனால் டாக்டர் ஹிமேனாவின் கைபேசிக்கு வாய்த்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய இடம்: தேசிய கீதம். எவ்வளவு நாள் உத்தியோகம்! மூளை யோசிப்பதற்குள் கால் எழுந்துவிட்டது. அவர் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்து அதிகாரி எழுந்தார், அவரைப் பார்த்து அடுத்தவர், வரிசை முழுக்க நெஞ்சில் கைவைத்து விறைப்பாக நிற்க, பின்னால் ரெபோலோ இடுப்பை ஒடித்து ஆட, யுரானிஸ் அன்றுதான் முதன்முதலாகப் பல் தெரியச் சிரித்தாள். நிக்கனோர் முதலையைக் கட்டிப்பிடித்து அதன் தங்கப்பல்லில் முத்தம் கொடுத்தார்.

இந்த உலகத்திலேயே அழுதுகொண்டிருந்தவர் ஒருவர்தான்.

பாவம் லிசாந்த்ரோ! அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெயர் வர வேண்டும், வரவில்லை. பால் பவுடர் வந்திருக்கிறது. பொகோத்தா எழுந்து நிற்கிறது, கிளம்பப்போகிறது போலும்! இல்லம் போயிற்று, வட்டங்கள் போயின, உருண்டை மெத்தைகளை யார் வாங்குவார்கள்? ஆனால் இணைப்பாளர் என்றால் சும்மாவா? ஒரே தாவலில் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! தோற்றுவிட்டோம்! ஆமாம், படுதோல்வி! தோல்வியைக் கொண்டாடுவோம்! ஒவ்வொரு தோல்வியும்..."

"யாருடா தோத்தது?" என்றார் நிக்கனோர்.

லிசாந்த்ரோவுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது வாக்கியம் அவருக்கு எப்போதுமே கேட்காது. அவர் கண் அந்தச் சோப்பு டப்பாவின் மேல் விழுந்துவிட்டது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே, சுழலியையும் ஒலிபெருக்கியையும் பிரித்துக்கொண்டு, பச்சையாகக் கண்சிமிட்டிக்கொண்டு, எவனோ வைத்துவிட்டுப்போன தடை! கலைக்கும் தொழில்நுட்பத்துக்கும் நடுவில் இப்படி ஒன்று இருந்தால் எப்படி நடக்கும்? அவர் முழங்காலிட்டார். இந்தப் பக்கக் கம்பியைப் பிடுங்கினார், அந்தப் பக்கக் கம்பியைப் பிடுங்கினார், வாழ்நாள் முழுக்கப் பழகிய விரல்களால் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று சேர்த்துச் செருகினார்.

அவர் இதுவரை செய்ததிலேயே ஒழுங்காக வேலை செய்த இணைப்பு அதுதான்.

மாமியார் மீசை இல்லாமல், முக்காடு இல்லாமல், பிறந்த கோலத்தில் முற்றத்தில் வந்து நின்றாள். "இப்ப காட்டுங்க போனை!" என்று லிசாந்த்ரோ கூவினார். உபால்தோ ஏற்கெனவே ஓடிவந்து, ஒலிபெருக்கியில் காதை ஒட்டுவதுபோலக் கைபேசியை ஒட்டிவிட்டார்.

அப்போதுதான் அதிகம் பேசாத யுரானிஸ், மூன்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"பாடுங்க! எல்லாரும் பாடுங்க! மெஷினுக்குப் பாட்டு கேக்கக் கூடாது!"

தன் செயலி எதற்குத் தோற்கும் என்று அவளுக்குத் தெரியாதா? நிக்கனோர் பாய்ந்து லிசாந்த்ரோவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். "ரெபோலோ! மாமியார் மானம் போகுதுடா! வாயைத் திறங்கடா!"

ரெபோலோ வாயைத் திறந்தது.

"மாமியா வந்தா, சோறு கருகிப்போச்சு! ஏ, ஓடு, ஒளிஞ்சுக்கோ, செருப்பு தொலைஞ்சுபோச்சு!" மெர்சே ஐஸ்பெட்டி மேல் ஏறி நின்று பாடினாள். பட்டாணி விற்கிறவன் தகரத்தைத் தட்டினான். பேருந்து ஓட்டுநர் ஒருவர் மதிலுக்கு அப்பால் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரனாலேயே தாளம் போட்டார். சுதி என்று ஒன்று இருந்தால் அது அன்று அந்த ஊரை விட்டே ஓடிப்போயிருக்கும். கைபேசிகள் எல்லாம் ஒரே பதிலைத் தந்தன: 'சரியாகக் கேட்கவில்லை. அமைதியான இடத்துக்குச் செல்லவும்.'

பாரன்கீயாவில்!

உபால்தோவின் நிலைமை இன்னும் மோசம். எல்லாரையும்விட அருகில் நின்றவர் அவர்தான். பெயர் வந்தால் அவருக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் மாமியார் வந்தால் ஒருவரும் சும்மா இருக்க முடியாது என்று முன்பே சொன்னேன். பகை எவ்வளவுதான் தடுத்தாலும், பாட்டின் அந்த வளைவு வந்ததும் அவர் வாய் தானாகத் திறந்தது. "செருப்பு தொலைஞ்சுபோச்சு!" என்று தம் கைபேசிக்குள்ளேயே அலறினார். அதைக் கேட்டபின் கைபேசி நிரந்தரமாக அணைந்துபோனது.

ஊசி எழுந்தது. பெயர் பிழைத்தது. நிக்கனோர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் ஹிமேனா கோட்டைக் கழற்றியிருந்தார். காலணியும் எங்கோ போயிருந்தது. வியர்வை வழிய மேடைக்கு வந்து, மூச்சு வாங்கக் கேட்டார்: "சூப்பர், டாக்டர் லிசாந்த்ரோ! ஆனா ஒண்ணே ஒண்ணு புரியலை. இதுல கலை எது, தொழில்நுட்பம் எது?"

லிசாந்த்ரோவுக்கும் புரியவில்லை. அதனால் என்ன? விரல்களைக் கோத்தார்.

"இங்கதான் நடந்துச்சு!"

"என்ன நடந்துச்சு?"

"அதான்!"

டாக்டர் ஹிமேனா பிரமித்துப்போனார். இல்லம் பிழைத்தது. உருண்டை மெத்தைகள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. வேண்டுமானால் போய் விழுந்துபாருங்கள்.

மேடைக்குப் பின்னால், தொத்திறைச்சி வண்டியருகே, யுரானிஸும் நிக்கனோரும் ஒரே காகிதத் தட்டில் எலுமிச்சை பிழிந்து தின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். தலையோடு தலை முட்ட, ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாக்கியத்தைப் பிடுங்கிக்கொண்டு, பெட்டியை முதலையின் வயிற்றுக்குள்ளேயே வைத்து யாரும் பிடுங்க முடியாமல் பூட்டுவது எப்படி என்று. அவர்களைச் சுற்றிக் கரையோரப் பிக்கோக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எல்லாருக்கும் ஒரு சோப்பு டப்பா வேண்டும். வரிசையின் கடைசியில், முகத்தைக் குல்லாயால் மறைத்துக்கொண்டு, உபால்தோ. கழுதைக்கும் ரகசியங்கள் உண்டே!

"நீ எதுக்குடா இங்க நிக்கிறே?" என்றார் நிக்கனோர்.

"சும்மா. காத்து வாங்க."

"காத்து அந்தப் பக்கம்டா." என்றாலும் தட்டை அவர் பக்கமும் கொஞ்சம் நீட்டினார்.

தூரத்திலிருந்து லிசாந்த்ரோ இதைக் கண்டார். ஒரு பாட்டுக்காரர்! ஒரு கணினிக்காரி! ஒரே வண்டி அருகில்! அவருக்குப் புல்லரித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். நிக்கனோரின் வலக்கையைப் பிடித்தார், யுரானிஸின் இடக்கையைப் பிடித்தார், தொத்திறைச்சி எண்ணெயோடு இரண்டையும் சேர்த்துவைத்தார்.

"நிக்கனோர், இது யுரானிஸ். யுரானிஸ், இது நிக்கனோர். நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் பேசணும்!"

இருவரும் வாயைத் திறந்தார்கள். அவர் போயாயிற்று.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு ஒரு பாட்டுக்காரர் நினைவுக்கு வந்தாரா? அவரோடு உங்களுக்குத் தெரிந்த அந்தக் கணினிக்காரப் பிள்ளையைச் சேர்த்துவைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் தோன்றிற்றா? அவர்கள் இருவரும் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் கொஞ்சம் மங்கலாக இருக்கிறதா?

உங்கள் கையைப் பாருங்கள். விரல்கள் எப்போது கோத்துக்கொண்டன?